படுத்துப் பார்த்து வாங்கிய இடம்

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆயிரத்திருநூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மரத்தின் பெயர் பொறித்த தகடு. அவற்றுக்கெல்லாம் பொறுப்பாளர் வெர்னா. உயிரோடு இருக்கும்போதே தங்களுக்கு இடம் வாங்க வருகிறவர்கள் மரத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் அன்று மனைவியோடு வந்த ஹோமரைப் போல மரத்துக்கு மரம் மல்லாந்து படுத்துப் பார்த்தவரை அவள் கண்டதில்லை.

வால்நட் மரத்தடியில் ஒரு காய் அவர் நெற்றியிலேயே விழுந்தது. ஓக் மரத்தடியில் வேர் குத்தியது.

"செத்தப்புறம் முதுகு வலிக்குமா?" என்றார் மனைவி லொரெட்டா.

"நீ செத்துப் பாத்தியா?"

கடைசியில் கிங்கோ மரத்தடியில் படுத்தவர் எழுந்திருக்கவே மறுத்தார். "இதான் என் இடம்!"

வெர்னா தயங்கினாள். "இது பெண் மரம்ங்க. அக்டோபர் வந்தா பழமா கொட்டும். ஊசிப்போன வெண்ணெய் மாதிரி நாறும்."

"செத்தவனுக்கு ஏது மூக்கு?"

"பூ வைக்க வர்றவங்களுக்கு இருக்கே!"

லொரெட்டா விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு பெரிய தோட்டத்துல இந்த மனுஷனை எங்கன்னு தேடுறதுன்னு கவலையா இருந்துச்சும்மா. நாப்பத்தாறு வருஷமா இவர் சாக்ஸ் கழட்டுற வீட்டுல இருக்கேன். மூக்கு போற வழியில வந்து சேந்துருவேன். எழுதிக்கோ!"

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தலைக்கு வைத்து அவரும் புல்லில் சாய்ந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படு, ஹோமர்."