நாலு நகர்த்தல்

சதுரங்கத்தில் நாலாவது நகர்த்தலிலேயே அவனுடைய ராஜா மாட்டிக்கொண்டது. சகலை மந்திரியைக் காவலுக்கு நிறுத்தி, ராணியை நேரே கொண்டுவந்து இறக்கிவிட்டான். "லேத் புடிக்கிற கை. மூளை வேலைன்னா கொஞ்சம் திணறத்தான செய்யும்" என்றான். மாமனார் உட்பட வீடே சிரித்தது. சிரிக்காதவள் மனைவி மட்டும்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவனுக்கு அதிகம் சுட்டது.

மறுநாள் பட்டறைச் சாப்பாட்டு வேளையில், எண்ணெய்க் கறை போகாத கட்டைவிரலால் போனைத் தள்ளித் தள்ளிப் பாடம் பார்க்க ஆரம்பித்தான். இத்தாலியன், ஸ்பானிஷ், சிசிலியன் என்று ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளைக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தான். எதிராளி ஐந்தாவது நகர்த்தலில் பாதை மாறினால் முழித்தான். பிறகுதான் 'ஏன்' என்று கேட்கத் தொடங்கினான். சண்டையெல்லாம் நடுவிலிருக்கும் நாலு கட்டத்துக்கு. ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்துகிறவன் மற்ற காய்களைத் தூங்கவிடுகிறான். ராணியை அவசரமாக வெளியே அனுப்பினால், அதை விரட்டி விரட்டியே எதிராளி தன் படையை இறக்கிவிடுவான். இந்த மூன்றாவது பாடத்தைப் படித்த அன்று அவனுக்குச் சோறு இனித்தது.

"ஒரு சிரிப்புக்கா எட்டு மாசம்?" என்றாள் மனைவி.

"ஆமா."

மாமனார் வீட்டில் மறுபடி கூடிய ஞாயிறு மத்தியானம், அவனே பலகையை விரித்தான்.

"இந்தத் தடவையாவது அஞ்சு தாண்டுங்க சகல" என்றபடி சகலை அதே மந்திரியை, அதே ராணியை இறக்கினான். இவன் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். ராணி பின்வாங்கி அதே இடத்தைக் குறிவைத்தது. குதிரையைக் குறுக்கே நிறுத்தினான். அதன்பின் ராணி ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விரட்டலுக்கும் இவனுடைய காய் ஒன்று வெளியே வந்தது. கடைசியில் ராணி சிக்கியது. மாமனார் பேப்பரை மடித்து வைத்தார்.

யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் ஆட்டம் முடிந்தது. இவனுக்கு அது தெரிந்தது. இறக்கவில்லை. ஒரு சிப்பாயை வெட்டினான். அடுத்து இன்னொன்று.

"சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க. போதும்."

"ராஜா உயிரோடதான இருக்கு. ஆடுங்க."

பின்னால் வந்து நின்ற கொழுந்தியாள், "ராணி எப்படிங்க மாட்டிச்சு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"உனக்கு என்ன புரியும்? போய் டீயப் போடு."

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரமே இல்ல அத்தான். மெதுவா ஆடுங்க" என்றாள் இவனிடம்.

சகலை திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. தன் ராஜாவின் தலையைப் பிடித்திருந்த சகலையின் விரல்நுனி, எங்கே வைப்பதென்று தெரியாமல், வெளுத்துக்கொண்டிருந்தது.