மீன் இல்லாத கல்யாண விருந்து

கல்யாணத்தை மே மாதத்தில் வைக்கச் சொன்னதே மெஹ்ரீன்தான். கடற்புல் வளரும் இடங்களைக் காப்பகமாக்கும் ஆய்வில் மூழ்கிக் கிடப்பவள், அது மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறந்துபோனாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கீழக்கரையில் விசைப்படகு உண்டு. வறுத்த வஞ்சிரம் இல்லாமல் அவர்களுக்கு எப்படி விருந்து வைப்பது?

“கடலைக் காப்பாத்தப் போய் அத்தா மானத்தைக் கப்பலேத்திட்டியே!” என்று பம்மல் வீடே அதிரக் கத்தினார் அவளுடைய அப்பா சௌகத் அலி.

கேரளாவிலிருந்து ஐஸ் மீன் வரவழைக்க அவர் கிளம்புவதற்குள், மெஹ்ரீன் வருங்கால மாமனாருக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் சிரிப்பு வெடித்தது.

“மீனு சினையா இருக்கிற நேரம்மா. எங்க போட்டே கரையிலதான் நிக்குது. இப்ப மீன் வச்சா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்னு அத்தாகிட்ட சொல்லு!”

சௌகத் அலி, வெளியே கிளம்பப் போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஆட்டுக்குத் தடைக்காலம் ஒண்ணும் இல்லையேம்மா?”