சைரன் பேசாத காலை

ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் சைரன். பசை காய்ச்சும் பெரிய கலனுக்குக் கீழே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பது அவள் வேலை. மேலே, கலனின் வாயருகே இரும்புத் தளத்தில் நிற்பவன் அவள் கணவன். எல்லோரும் அவனை மீசை என்பார்கள். குழாயைத் திறந்து மருந்தை உள்ளே விடுவது அவன் வேலை. மருந்து என்றால் பசையை இறுக வைக்கும் திரவம். அது கலந்தவுடன் அடுப்பே இல்லாமல் பசை சூடேறும். சூடு ஏறினால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் இன்னும் சூடு. கைமீறினால் கலனே வெடித்துவிடும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக விடுவது. முள் எகிறினால் "போதும்" என்று கீழிருந்து கத்துவாள். அசையாமல் கிடந்தால் "ஏறவே இல்ல, என்னன்னு பாருங்க" என்பாள். அறையில் ஒரு மணியும் உண்டு. அது கெட்டு நாளாயிற்று. சைரன் இருக்கும்போது மணி எதற்கு என்று யாரும் அதைத் தொடவில்லை.

அன்று சைரன் வாயைத் திறக்கவில்லை.

முந்தின நாள் நாத்தனார் வந்திருந்தாள். சாப்பிடும்போது மீசை, "இவ விடுற குறட்டைக்கு பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சு பதில் சொல்லுது" என்று எடுத்துவிட்டான். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் காதில் விழுந்தது ஊரெல்லாம் போகாமல் இருக்குமா? சைரன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். காலையில் ஒரே பேருந்தில் ஏறி, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்து சேர்ந்தார்கள்.

வெளியே நல்ல குளிர். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. குளிரில் பசை மந்தமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இவ்வளவு மந்தமாக அது இருந்ததில்லை என்பதும் தெரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் வேண்டுமென்றால் அவர் முதலில் பேசட்டுமே. தப்பு யாருடையது?

மேலே நிற்பவனுக்கு அவள் குரல்தான் கணக்கு. "போதும்" வராதவரை எல்லாம் ஒழுங்கு. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தான், பிறகு இன்னும் கொஞ்சம். கோபம் குறட்டையைப் பற்றியது, அது வேலைக்குள் வராது என்று அவன் நம்பினான். பாவம், நல்ல நம்பிக்கைதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து எதையோ கழற்றுவது கண்ணாடி வழியே தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் என்ன ஏது என்று இரண்டு பேரும் சத்தம் போட்டே பேசி முடித்திருப்பார்கள். இன்று அவனும் ஊமை. வேலையை முடித்துவிட்டு, கறுப்பாக ஒன்றைக் கீழே வீசினான். அது அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து விழுந்தது.

அறுந்துபோன பெல்ட். கலனுக்குள் கலக்கியைச் சுற்றவைக்கும் பெல்ட்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மோட்டார் ஓடிய சத்தம் மட்டும்தான் நிஜம். உள்ளே எதுவும் கலக்கவே இல்லை. காலையிலிருந்து விட்ட மருந்தெல்லாம் கனத்துப்போய் அடியில் சும்மா படுத்திருக்கிறது. இப்போது புது பெல்ட் மாட்டியாகிவிட்டது. மோட்டார் பொத்தானை அழுத்தினால் அத்தனையும் ஒரேயடியாகக் கலக்கும்.

வாயைத் திறந்தாள். முந்தின நாளிலிருந்து காத்த வீம்பு ஒரு மூச்சு நேரம் தொண்டையில் நின்றது. அந்த ஒரு மூச்சுக்குள் மேலே பொத்தான் அழுந்தியது.

முள் எழுந்தது. குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திருகிவிட்டாள். முள் அதை மதிக்கவே இல்லை. அறையை விட்டு வெளியே ஓடினாள்.

"ஏங்க, எறங்குங்க. ஓடி வாங்க."

அவன் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஒருவழியா வாய் தொறந்தாச்சா? இனிமே பேசவே மாட்டியோன்னு பயந்துட்டேன்."

"விளையாடாதீங்க. மருந்து மொத்தமும் இப்பதான் கலக்குது. எறங்குங்க."

கலனின் மூடியோரத்தில் மெலிதாக ஒரு விசில் கிளம்பியது. கிளம்பியதும் பெரிதாயிற்று. அவள் ஏணியில் கால் வைத்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஏறினாள். மேலே அவன் காதோரம் கையை வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு குனிந்தான்.

"கேக்கலடி. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."