இல்லாத ஆளின் நீர் மாத்திரை

கெரினாங் ஒரு திருடன் என்று அவன் வந்த முதல் மாதமே எனக்குத் தோன்றிவிட்டது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. அளவுக்கு மீறிச் சிரித்தான், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே கிடங்குக்குள் வந்து, "அக்கா, பெட்டி ரெடியா?" என்பான். நான் அலமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.

எங்கள் கெலாபிட் இனத்தார் வாழும் மேட்டுநிலத்தில், விமானத் திடல் இருக்கும் ஊரில் எங்கள் கிளினிக். அதன் மருந்துக் கிடங்கும் மருந்து ஜன்னலும் பதினான்கு வருஷமாக என் பொறுப்பு. சாலை போகாத ஏழு ஊர்களுக்கு மாதம் ஒருமுறை ஹெலிகாப்டரில் நடமாடும் கிளினிக் போகும். அதை நடத்துகிற டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளன், கெரினாங்தான். கீழே பெரிய ஆற்றோரத்து இபான் இனத்தவன், மலைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம். அவன் கொண்டுவரும் பட்டியலைப் பார்த்து, ஆளுக்கு இத்தனை என்று பிரித்துப் பெட்டி கட்டித் தருவது என் வேலை. பெட்டி என் கையை விட்டுப் போனபிறகு அதிலிருக்கும் மாத்திரை யார் வாய்க்குள் போகிறது என்பதற்கு அவன் வாய் ஒன்றே சாட்சி. இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த மகராசன் யோசித்தானோ, அவன் மனிதர்களோடு பழகியதே இல்லை என்று நினைக்கிறேன்.

போன வருஷம் நாட்டு எல்லைக்கு அப்பால் ஒரு கடையில் எங்கள் அரசாங்க முத்திரை போட்ட மாத்திரை அட்டை தொங்கியதாகப் பேச்சு வந்தது. அன்றிலிருந்து பட்டியலை நான் பேன் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்தபோதுதான் பா ரெபுன் ஊர்ப் பட்டியலில் பதினேழாவது வரி கண்ணில் பட்டது.

புன் மாரென். ஆண். எழுபது இருக்கலாம். இதயம் பலவீனம். உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் நீர் மாத்திரை காலையில் இரண்டு, கூடவே இன்னும் இரண்டு வகை. அடையாள அட்டை எண் இருக்கவேண்டிய கட்டத்தில் 'ஆற்றில் போய்விட்டது' என்று கெரினாங்கின் கையெழுத்து. வாங்கியதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் ரேகை. அதுவும் ரேகையாக இல்லை, மைத் தீற்றலாக இருந்தது.

பா ரெபுன் என் சொந்த ஊர். இருபத்துமூன்று குடும்பம். எங்கள் ஆட்களுக்கு முதல் பிள்ளை பிறந்தால் பெயர் மாறும், முதல் பேரப்பிள்ளை பிறந்தால் இன்னொரு தடவை மாறும். பன்றி அடித்து விருந்து வைத்து, சபையில் புதுப் பெயரைச் சொல்லி, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு சின்ன அன்பளிப்பு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பெயருக்குச் சாட்சி. பிறகு பழைய பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'புன்' என்று தொடங்கினால் தாத்தாவானவர் என்று அர்த்தம். அந்த ஊர்த் தாத்தாக்களை விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது பேர். ஒன்பது பேரின் பெயரும் எனக்குத் தெரியும், அதில் புன் மாரென் இல்லை.

என் அப்பாவை நான் அந்த எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. காய்ச்சல் வந்தால்கூட இஞ்சியைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர் அவர். மாத்திரை விழுங்குகிறவர்களைக் கேலி பேசுவார். அவர் பெயர் மருந்துப் பட்டியலில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அவருடைய புதுப் பெயரும் எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் தம்பிக்கு முதல் பிள்ளை பிறந்து, விருந்து வைத்தார்கள். நான் மூத்தவள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, நாற்பது தாண்டியும் சுபாங் என்ற சின்ன வயதுப் பெயரே. அப்பா, அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி எல்லோரும் புதுப் பெயர் வாங்கும் சபையில் நான் மட்டும் பழைய பெயரோடு நின்று கைதட்ட வேண்டும். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கிடங்கில் இருப்பு சரிபார்க்கும் வாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். வராதவளுக்கு யாரும் பெயரைச் சொல்லி அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா மறுவருஷம் இறந்தபோது போனேன். மூன்று நாள் இருந்தும் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கெரினாங்கைக் கூப்பிட்டு, இந்தப் புன் மாரெனை நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். மாதாமாதம் பார்ப்பதாகச் சொன்னான். நல்ல உயரம், பேசவே மாட்டார், சர்ச் ஹாலுக்கு வந்து மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்றான். எங்கள் ஊரில் பாதிக் கிழவர்களுக்கு இந்த அங்க அடையாளம் பொருந்தும்.

"எங்க ஊர்ல எனக்குத் தெரியாத ஆளா? எனக்கே காது குத்தறியா?"

"உங்க ஊருதானேக்கா. ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

கேட்டிருக்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட் இருந்தது, தம்பிக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். ஆனால் மூன்று வருஷமாகப் பேசாத தம்பியிடம் முதல் பேச்சாகத் தாத்தாக்கள் கணக்கையா கேட்பது? விசாரித்தால் விஷயம் கெரினாங்கின் காதுக்குப் போய் உஷாராகிவிடுவான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினேழாவது வரியை அடித்து, 'சரிபார்க்கும்வரை நிறுத்தம்' என்று எழுதினேன். பெட்டி அந்த மாத்திரைகள் இல்லாமல் போனது.

அடுத்த சுற்று முடிந்து வந்தவன் நேராகக் கிடங்குக்கு வந்தான். பெரியவருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, அவசரப் பெட்டியிலிருந்து ஒரு வாரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், அதற்குமேல் அதில் இல்லை என்றான்.

"இல்லாத ஆளுக்குக் கால் எப்படி வீங்கும்?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. குட்டு உடைந்ததும் சிரிப்பும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவசரப் பெட்டியில் கைவைத்ததையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

அதற்கடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கி நின்றதில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. பா ரெபுன் பக்கம் நடந்து போகிற ஆள் ஒருவர் இருக்கிறார், இரண்டு நாளில் போய்விடுவார், அவரிடமாவது மாத்திரையைக் கொடுத்து அனுப்புங்கள் என்று கெரினாங் வந்து நின்றான். கண்டவர் கையில் மருந்து கொடுத்தனுப்ப விதி இல்லை என்றேன். விதி உண்மையில் அப்படித்தான். ஆனால் அதற்கு முன் அதே நடைக்காரர் கையில் நானே எத்தனையோ தடவை இருமல் மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

"அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க?"

"ஆள நேர்ல காட்டு. ஒரு வருஷத்துக்கு வேண்டியத என் கையாலயே தரேன்."

"அப்ப அடுத்த சுத்துக்கு நீங்களே வாங்க."

வரமாட்டேன் என்று நினைத்துத் துணிந்து சொல்கிறான் என்றுதான் பட்டது. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். போலி நோயாளி, தெளிவில்லாத ரேகை, அனுமதியில்லாமல் எடுத்த மருந்து. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம் என்று முடித்து உறையிலிட்டேன். ஊரில் போய் ஒரு வாக்குமூலம் வாங்கிச் சேர்த்தால் அவன் கதை முடிந்தது.

ஹெலிகாப்டர் பள்ளித் திடலில் இறங்கியது. சர்ச் ஹாலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் சிரித்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். வாழையிலையில் பொதிந்த குழைந்த சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள், விருந்தாளிக்கு வைப்பதுபோல. நான் அதைத் தொடவில்லை. பட்டியலைக் கூட வந்த நர்ஸ் கையிலிருந்து வாங்கி, இன்று பெயர்களை நான் கூப்பிடுகிறேன் என்றேன்.

பதினாறு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பதினேழாவது பெயரைக் கூப்பிடும்போது நான் பட்டியலைப் பார்க்கவில்லை, கெரினாங்கின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"புன் மாரென்."

யாரும் எழுந்து வரவில்லை. இன்னும் சத்தமாக ஒருமுறை கூப்பிட்டேன். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ வந்துவிடவேண்டும் என்பதுபோல.

என் சித்தப்பா மகள் ரினாய் முன் வரிசையில் இருந்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். "என்னடி இது, பேரச் சொல்லிக் கூப்புடறே?" என்றாள். நான் முழித்ததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சுபாங், உனக்கு நெசமாவே தெரியாதா? உங்கப்பாடி அது. அவரால நடக்க முடியல. மூணு வாரமா உக்காந்தபடியேதான் தூங்கறாரு."

கெரினாங் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த நேரத்தில் அவன் என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் பின்னால் நானும் ஓடினேன்.

அப்பா அடுப்புப் பக்கம் நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முழங்கால்வரை கால் பளபளவென்று வீங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. வேறு யாருடைய காலாகவாவது இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை என்மேல் எனக்கு அருவருப்பு உண்டு.

தம்பி ஒரு மூலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். மாத்திரை ஏன் நின்றுபோனது என்று அவன் என்னைக் கேட்கவில்லை, கெரினாங்கைத்தான் கேட்டான். கெரினாங் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "பெட்டியில வரலண்ணே" என்றான். யார் எடுத்தார்கள் என்று அவன் சொல்லவில்லை.

ஊசி போட்டான். கீழே மீரி நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், ஹெலிகாப்டரில் ஓர் இடம் வேண்டும் என்று நர்ஸ் பைலட்டிடம் சொல்லப் போனாள். என் இடம் இருக்கிறது என்றேன். ஊசி வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

"கிளினிக்குக்கு ஏம்ப்பா வரல? நான்தானே அங்க இருக்கேன்."

அப்பா மூச்சு சேர்த்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார்.

"அங்க ஜன்னல்ல நீ உக்காந்திருக்க. வந்தா, பேரு என்னன்னு கேப்ப. பேரு வெச்ச அன்னிக்கி வராதவகிட்ட, ஜன்னல்ல நின்னு நான் என் பேரச் சொல்லணுமா?"

மாத்திரையை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். கூடவே அந்த உறையும் வெளியே வந்து விழுந்தது. மேலே கெரினாங்கின் முழுப் பெயர். அவன் குனிந்து எடுத்து, எழுத்தைப் படித்துவிட்டு, என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தான்.

நீர் மாத்திரையில் இரண்டைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் எடுக்கவில்லை. என் கையை ஏறிட்டுப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாகப் பட்டியலை நான் பார்த்த பார்வை அது.

"இது சரியான மாத்திரதானான்னு அவன் பாக்கட்டும்" என்று கெரினாங்கைக் காட்டினார். "அவன் குடுக்கட்டும்."

கெரினாங்கின் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையையும் வைத்தேன். அவன் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியானதுதான் தாத்தா" என்று கொடுத்தான். அப்பா வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு மடக்குக்குமேல் கூடாது என்று கெரினாங் சொன்னான். நான் டம்ளரில் அந்த அளவு தண்ணீர் ஊற்றி நீட்டினேன். அதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.