வலது கை பிந்தி வரும்

என் கணவர் ஹெர்பர்ட் கட்கியில் எங்கள் தமிழ்ச் சபையின் பியானோக்காரர். வார நாட்களில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். சங்கு ஊதினால் சைக்கிளை எடுப்பார், மறுபடி ஊதினால் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சங்குக்குப் பதில் கோவில் மணி. ரிட்டையர் ஆன பிறகும் இதில் ஞாயிறு மட்டும் மாறவில்லை. போன ஆடி மாதத்தில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அவர் போய்விட்டார்.

காணிக்கைப் பை சுற்றி வரும் நேரத்தில் அவர் ஒரே ஒரு இசையைத்தான் வாசிப்பார். அதற்குச் சபையில் காணிக்கைப் பாட்டு என்றே பெயர். பாட்டுப் புத்தகத்தில் அதைத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்த பழைய ராகம் என்று யாரோ சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர், இப்படிப்பட்ட பக்தி இசையை இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள் என்று பிரசங்கத்திலேயே கேட்டார். ஹெர்பர்ட் குனிந்து பியானோவின் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ரிப்பேர் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அது பக்திப் பாட்டே இல்லை. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு கறுப்பினக் கலைஞர் எழுதிய ராக்டைம். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்தவர். மிசூரி என்ற மாநிலத்தில் இவர் பியானோ வாசித்துப் பிழைத்தார். எங்கள் வீட்டில் அவருக்கு மிசூரிக்காரர் என்று பெயர். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற ஆளைச் சொல்வது போலத்தான் ஹெர்பர்ட் சொல்வார். "இன்னைக்கு மிசூரிக்காரர் என்னை ரொம்ப படுத்திட்டாரு பிலிஸ்."

கல்யாணமான புதிதில் நாங்கள் பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாருக்குப் போனபோது கிடைத்தது அந்தக் கட்டு. பித்தளைக் குழாய்களுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவில், ஏதோ ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது விட்டுப்போன இசைத் தாள்கள். ஓரங்களில் கரையான் அரித்திருந்தது. நான் பிரஷர் குக்கருக்கு கேஸ்கெட் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் நடைபாதையில் உட்கார்ந்து முழங்காலில் விரல்களால் தட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் மராத்தியில், "காய் ஜாலா பாவு?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், பிலிஸ் டீச்சர். இசை தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக அவருக்குப் பக்கம் திருப்பிக் கொடுத்ததில் தாளை வாசிக்கப் பழகியிருந்தேன். சாப்பாடு முடிந்த பிறகு சில நாள் என்னை இடது பக்கம் உட்கார வைப்பார். ராக்டைமில் இடது கைக்கு ஒரே வேலை, நடப்பது. கீழே ஒரு கட்டை, நடுவில் மூன்று கட்டை சேர்த்து. மறுபடி கீழே, மறுபடி நடுவில். வலது கைதான் ஒழுங்காக நடக்காது. பிந்தும், இடையில் தாவும், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் நிற்கும். அந்த இடது கையை எனக்குக் கொடுத்துவிட்டு வலது கையை அவர் வைத்துக்கொள்வார்.

"நீ யாருக்காகவும் நிக்காத. என் பக்கம் பாக்கவும் பாக்காத. நான் வந்து சேந்துக்குவேன்."

"வராம போயிட்டா?"

"வருவேன்னு எழுதியிருக்கே," என்று தாளைக் காட்டுவார்.

அவருடைய அடக்க ஆராதனை அன்று, வாசிக்கிற ஆள் பெட்டிக்குள் இருந்ததால் பியானோ மூடியே கிடந்தது. பெட்டியை வெளியே எடுத்துப் போகும்போது மழைச் சத்தம் மட்டும்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் நினைவு ஆராதனையிலாவது அந்த இசை கேட்க வேண்டும் என்று பாஸ்டரிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார். அதை வாசிக்கச் சபையில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் ஹெர்பர்ட் வாசித்ததை அவருடைய தம்பி மகன் ஆஸ்டின் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தான். கோவில் ஸ்பீக்கரில் அதைப் போடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்ததும் எல்லோரும் சாய் குடித்தபடி ஷங்கர்பாளி என்ற மைதா இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்டினுக்கு விமான் நகரில் ஆபீஸ். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் முந்தும். அன்று அவன் என்னைச் சிரிக்க வைக்க நினைத்தான்.

"பெரியம்மா, ஒரு மஜா கேளுங்க. எங்க ஆபீஸ் பார்ட்டி நடந்த ஹோட்டல்ல ஒருத்தன் நம்ம பெரியப்பா பாட்டை வாசிக்கிறான். அதுவும் எப்பிடி, ராஜ்தானி எக்ஸ்பிரஸ் மாதிரி."

போனில் போட்டுக் காட்டினான். அதே இசைதான், மூன்று மடங்கு வேகத்தில். பின்னால் கிளாஸ்கள் மோதும் சத்தம்.

"அவன்கிட்டயே கேட்டேன். ராக்டைமாம். அந்தக் காலத்துல அமெரிக்கால சலூன்ல வாசிப்பாங்களாம். சலூன்னா முடி வெட்டற கடை இல்ல, தாரு கடை. குடிச்சிட்டு ஆடறதுக்கு. நம்ம பெரியப்பா எவ்ளோ பெரிய ஆளு பாத்தீங்களா, சர்ச்ல உக்காந்து..."

யாரும் சிரிக்காததால் அவன் நிறுத்தினான். மேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரி எங்கள் பாடகர் குழுவின் தலைவி. வீட்டில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறாள். அவள் கணவன் எட்வின் குடித்தே செத்தவன். அது கட்கி பஜாருக்கே தெரியும். எட்வினுடைய பெட்டி கோவிலை விட்டுப் போனபோது ஹெர்பர்ட் வாசித்தது இந்த இசைதான். அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் தன்னால் நடக்க முடிந்தது என்று மேரி எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சது இதுதானேக்கா?"

"இதுதான் மேரி."

"அண்ணனுக்குத் தெரியுமா, இது எங்கேருந்து வந்ததுன்னு?"

"தெரியும்."

கோப்பையைத் தரையில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து பாஸ்டர் வந்தார். சின்ன வயதுக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மேரி சிஸ்டர் அந்தப் பாட்டு வந்தா கொயர் பாட நிக்காதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

"அது எந்தக் கடைலேருந்து வந்துச்சுங்கறது எனக்குப் பெரிசில்ல. அந்த அம்மா அழுதாங்க. அது பெரிசு. அவங்க சரின்னா எனக்குச் சரி. ஆனா இனிமே சபைக்குத் தெரியாம வேணாம், என்ன பாட்டுன்னு சொல்லிட்டுப் போடுவோம்."

எனக்கு அவர் மேல் குறையில்லை. இசை இல்லாமல் நினைவு ஆராதனை நடந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஹெர்பர்ட் எட்வினைப் பார்த்துச் சிரித்தார் என்று மேரி நினைத்துக்கொண்டு வாழ்வதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் இல்லை, வந்து பதில் சொல்ல.

மறுநாள் மேரியின் வீட்டுக்குப் போனேன். மெஷினை விட்டு நிமிராமலே வரவேற்றாள்.

"வாங்க பியானோக்காரம்மா. குடிச்சே செத்தவனுக்கு குடிக்கடைப் பாட்டு. நல்ல பொருத்தம்தான். அண்ணனுக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ சிரிப்பு வந்திருக்கும்."

"அவர் அப்படி ஆளா மேரி?"

"இல்லைன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சேன்."

மெஷின் கொஞ்ச தூரம் ஓடியது. அது நிற்கும் வரை காத்திருந்தேன்.

"ஒரு தடவை வீட்டுக்கு வா. கேட்டுட்டு வேணாம்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் பேச மாட்டேன்."

"யாரு வாசிக்கிறது? அவருதான் போயிட்டாரே."

"பாதி நான் வாசிப்பேன்."

"பாதிப் பாட்டை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். நான் எப்போதோ தைக்கக் கொடுத்த பிளவுஸ் கையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்தவள் போல வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி, முதலில் தாளைக் காட்டினேன். தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது.

"என்ன போட்டிருக்கு?"

"இதை வேகமா வாசிக்காதீங்கன்னு. எழுதினவரே போட்டது."

"அந்த ஹோட்டல்காரனுக்குப் படிக்கத் தெரியாது போல," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"மேரி, இவரு சாராயக் கடைல வாசிச்சாருன்னா, கறுப்பர்னு வேற கூடத்துல இவரை உள்ள விடலங்கறதாலதான். ஜனங்க பெரிய கூடத்துல உக்காந்து கேக்கணும்னு நெனச்சுத்தான் எழுதினாரு. செத்தப்பறம் கல்லறைல ஒரு பேர்கூட இல்லாம ரொம்ப வருஷம் கிடந்தாரு. உங்க அண்ணனுக்கு இவர் மேல எவ்ளோ மரியாதைன்னு எனக்குத் தெரியும். எட்வினை அடக்கம் பண்ணின அன்னைக்குக் காலைல இங்கதான் உக்காந்து எல்லாப் பாட்டையும் வாசிச்சுப் பாத்தாரு. ஒண்ணும் சரிப்படலன்னாரு."

"ஏன்?"

"ஞானப்பாட்டுல ரெண்டு கையும் சேந்து நடக்குது, இன்னைக்கு மேரியால அப்படி நடக்க முடியாதுன்னாரு. பெட்டி தூக்கறவங்க ஒரு நடைல போவாங்க. நீ பின்னால தடுக்கித் தடுக்கித்தான் வருவ. இதுல ஒரு கை பிந்துது, ஆனா விட்டுட்டுப் போறதில்ல. இதை வாசிக்கிறேன்னாரு."

நான் ஸ்டூலில் இடது பக்கமாக உட்கார்ந்தேன். பழக்கம், வலது பக்கம் இடம் விட்டுத்தான் எனக்கு உட்காரத் தெரியும். வாசிக்க ஆரம்பித்தேன். கீழே ஒரு கட்டை, நடுவில் மூன்று. தனியாகக் கேட்டால் அது இசையாகவே தெரியாது. யாரோ கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் போகிற மாதிரி இருக்கும். என் விரல் இரண்டு இடத்தில் தவறியது. நான் நிற்கவில்லை.

முதல் பக்கம் முடியப்போகிற நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து வலது கை வந்தது. மேரி வாயை மூடிக்கொண்டு வலது கையின் ராகத்தை முனகினாள். ஞாயிறு ஞாயிறாகக் கேட்ட இசை அவளுக்குள் முழுசாக இருந்தது, ஒவ்வொரு தாமதத்தோடும். தாவ வேண்டிய இடத்தில் தாவினாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். இரண்டாம் பக்கத்தில் அவள் குரல் உடைந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"நிறுத்தாதீங்கக்கா," என்றாள். "அன்னைக்கு அண்ணன் நிறுத்தினாரா?"

மறுபடி தொடங்கினேன்.

முடிந்ததும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிளவுஸை என் மடியில் போட்டாள்.

"கை கொஞ்சம் தளர்த்தியா வச்சிருக்கேன், பாத்துக்குங்க. ஆராதனைல போன்ல போட வேணாம்."

"பின்னே?"

"இப்படியே பண்ணலாம். நாலு பேர் முன்னால உங்களுக்குக் கை நடுங்குமா?"

"நடுங்கும்."

"நடுங்கட்டும். எனக்குத் தொண்டை நடுங்கும்."

நினைவு ஆராதனையில் பாஸ்டர் எழுந்து விளக்கப் போனார். மேரி அவரைக் கையமர்த்திவிட்டு முன்னால் வந்தாள். அவள் சபை முன்னால் பாடிப் பார்த்திருக்கிறேன், பேசிப் பார்த்ததில்லை.

"காணிக்கைப் பாட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நம்ம கட்கில இது ரெண்டு நாள் தாங்காது. ஆமா, சாராயக் கடைல வாசிச்ச பாட்டுதான். அதை ஹெர்பர்ட் அண்ணன் கோவிலுக்குக் கூட்டிட்டு வந்தாரு. எங்க வீட்டுக்காரரையும் அவருதான் அந்த மாதிரி கடைலேருந்து எத்தனையோ தடவை கூட்டிட்டு வந்தாரு. கோவிலுக்கு வந்ததை நாம திருப்பி அனுப்பறதில்ல."

பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆஸ்டின் தாளைத் திருப்ப வந்து நின்றான். அவனுக்குத் தாள் வாசிக்கத் தெரியாது, நான் தலையை ஆட்டினால் திருப்பச் சொல்லியிருந்தேன். நான் மேரியின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. வலது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்து, யாருக்காகவும் நிற்காமல் வாசித்தேன். எங்கோ நடுவில் பாடகர் குழுப் பெண்கள் ஒவ்வொருவராக மேரியோடு சேர்ந்துகொண்டார்கள். வெளியே மழை விட்டிருந்தது. லோக்கல் ரயில் ஒன்று போன சத்தம்கூடக் கேட்டது.

கடைசி வரியில் என் கை முதலில் போய்ச் சேர்ந்தது. மேரியின் குரல் ஒரு மூச்சு பிந்தி வந்தது.

அப்படித்தான் எழுதியிருக்கிறது.