சொத்து இடப்பக்கம்

1

இந்தக் கதை பாகூர் பஸ்ஸில் பிறந்தது. போன திங்கட்கிழமை காலை ஏழரை வண்டியில் புதுக் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, "இன்னாபா, எப்பிடி கீற?" என்று சிரித்தான். இருசப்பன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னோடு பி.காம். படித்தவன்.

அவன் திட்டியிருந்தால் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பேன். சிரித்துத் தொலைத்தான். அன்றிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் இந்தக் கோபம் என்று கண்டுபிடிக்க எழுதுகிறேன். கண்டுபிடிக்காமல் தப்பிக்கவும் எழுதலாம். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

2

தொடக்கம் ஒன்று: "ஏரி நிரம்பித் தளும்பிய அந்த மார்கழியில்..." வேண்டாம். ஏரி நிரம்பினால் எனக்கென்ன?

தொடக்கம் இரண்டு: "செலியமேட்டில் இருசப்பன் என்ற ஏழை மாணவன்..." இதையும் அடிக்கிறேன். நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள். உங்கள் உச்சு யாருக்கு வேண்டும்?

நேராகச் சொல்கிறேன். 1958. பாண்டியிலும் எங்கள் பாகூரிலும் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி நாலு வருஷம். கடலூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் கடலூரிலேயே பள்ளி முடித்த நான் ஜூலையிலேயே சேர்ந்துவிட்டேன். இருசப்பன் பாண்டியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அவன் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று பெரியவர்கள் யோசித்து முடிக்க நவம்பர் ஆயிற்று. யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்கள்: முதல் வருஷக் கணக்குப் பதிவில் தேறினால் இடம் உண்டு, தவறினால் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. மற்றவர்கள் தவறினால் மறுபடி எழுதலாம்.*

* இதை எழுதும்போது பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிட்டது. அப்படியே விட்டுவைக்கிறேன்.

3

ஐந்தொகை என்றால் ஒரு வியாபாரத்தின் சொத்தையும் கடனையும் எதிரெதிரே எழுதுகிற தாள். பிரெஞ்சுக்காரன் சொத்தை இடப்பக்கம் எழுதுவான். இங்கிலீஷ்காரன் வலப்பக்கம் எழுதுவான். எப்படி எழுதினாலும் கூட்டல் ஒன்றுதான்.

கல்லூரிக்கு ஒரே சைக்கிளில் போவோம். அவன் மிதிப்பான், நான் பின்னால். கணக்கில் நான் மண்டு. ஏரிக்கரையில் நிறுத்தி, செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்துச் சொல்லிக்கொடுப்பான். "சொத்து இந்தாண்ட, கடன் அந்தாண்ட. அவ்ளோதாம்பா. இதுக்கா பயப்படுற?"

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு கெட்டிக்காரன் பாடப் புத்தகத்தைப் பார்க்காமலா இருந்தான்? கதாபாத்திரம் ஒட்டவில்லையே என்பீர்கள். புத்தகம் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. மற்ற பாடங்களுக்கு வாங்கிப் போவான். ஐந்தொகைப் பாடம் வகுப்பில் அவன் வருவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. "அது வாணாம்பா, பாண்டியிலேயே போட்டது" என்றுவிட்டான்.

4

மார்ச்சில் பரீட்சை. ஐந்தொகைக்கு இருபது மார்க். விடைத்தாளைக் கொடுத்தபோது அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு, கீழே பூஜ்யம். மொத்தம் இருபத்தெட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

விரிவுரையாளர் அரங்கநாதனின் அறைக்கு இருசப்பன் போனான். (நான் அங்கே இல்லை. கேள்விப்பட்டதை எழுதுகிறேன்.)

"சார், ரெண்டு பக்கமும் கூட்டல் ஒண்ணாத்தான சார் வருது?"

"பக்கமே மாறிக் கிடக்கே! இப்படி எவன் சொல்லிக்கொடுத்தான்?"

"பாண்டில எங்க வாத்தியாரு சார்."

"வெள்ளைக்காரன் போயாச்சு. அவன் கணக்கும் அவனோட போகட்டும்."

"இன்னா சார் இது? நீங்க போடுறதும் வெள்ளைக்காரன் கணக்குதான சார்? அவன் வேற வெள்ளைக்காரன், அவ்ளோதான."

அரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். காது சிவந்துவிட்டது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுத இரண்டு தடவை முயன்று பார்த்தேன், வரவில்லை. அவர் சொன்னது: "அப்படி ஒரு முறை நிஜமாவே இருக்குன்னு உங்க ஊர்க்காரன் இன்னொருத்தன் சொல்லட்டும். பாதி மார்க் போட்டுப் பிரின்சிபாலுக்கு எழுதறேன்."

பாதி என்றால் பத்து. இருபத்தெட்டும் பத்தும் முப்பத்தெட்டு.

5

கேள்விப்பட்டு எழுதுகிறவனுக்கு அவர் காது சிவந்தது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை?

அடைப்புக்குறிக்குள் பொய் சொன்னேன். நான் அங்கேதான் இருந்தேன். "ஏம்ப்பா, நீயும் பாகூர்தானே? அப்படி உண்டா?" என்று அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

புத்தகத்தில் பக்கம் மாறியிருப்பது எனக்கு டிசம்பரிலேயே தெரியும். ஏரிக்கரையில் அவன் கோடு கிழித்த அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை. போட்டியும் இல்லை, பகையும் இல்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, முதல் தடவையாக. அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. இப்போது "உண்டு சார்" என்றால், ஏன் முன்பே அவனிடம் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

"தெரியாது சார்" என்றேன்.

இருசப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கும் செலியமேடு வரைக்கும் அவனே மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அயோக்கியா, இறங்கி நடடா என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் பி.காம். முடித்தேன். அவன் சொல்லிக்கொடுத்த கணக்கில், பக்கத்தை மட்டும் மாற்றி எழுதி.

6

முடிவு ஒன்று: இருசப்பன் வேறு ஊரில் படித்து வங்கி அதிகாரி... பொய். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பஸ்ஸில் அவன் கையைப் பிடித்து நான் அழுகிறேன், அவன் மன்னிக்கிறான். இது முதல் முடிவைவிடக் கேவலம். வேலைக்கு நடுவில் அவன் எனக்கு ஆறுதல் வேறு சொல்ல வேண்டுமா?

போன மாதம், 1962 ஆகஸ்டில், பாண்டிச்சேரி இந்தியாவோடு சட்டப்படியும் சேர்ந்தது. எங்கள் ஆபீஸில் மிட்டாய் கொடுத்தார்கள். பழைய சான்றிதழ்கள் பற்றி யாரும் பேசவில்லை. நானும் இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டேன்.

கோபம் யார் மேல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? நாளை மறுபடி திங்கட்கிழமை. ஏழரை வண்டி. அவன் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "எப்பிடி கீற?" என்று கேட்பான். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"தெரியாது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் சொல்லியாகிவிட்டது.