நாலோ, ஐந்தோ

"இன்னா முறை?" என்று கேட்டபடி ஆரிபா மாமி நடுவாசலில் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தாள். சேதி கிடைத்ததும் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். வந்து இறங்கிய அரை மணி நேரத்துக்குள் துக்க வீட்டின் அதிகாரம் மொத்தமும் அவள் கைக்குப் போய்விட்டது.

"நான் அவனுக்குச் சின்னம்மா."

"உள்ள போ."

"பெரியம்மா பொண்ணு."

"அது ஆவாது. முத்தத்துல உக்காரு."

பெரியம்மா பெண் முணுமுணுத்துக்கொண்டே முற்றத்துக்குப் போனாள். உள்ளே கூடத்தில் ஜலாலுதீனைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அவரை நிக்காஹ் செய்யவே கூடாத உறவுக்காரிகள் மட்டும்தான் அந்த முகத்தைப் பார்க்கலாம். மற்றப் பெண்களுக்கு முற்றம். இந்தக் கணக்கில் ஆரிபா மாமியை ஏமாற்ற அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

சாலிஹா அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் தொழுகைக்குக் கைகால் கழுவ உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பது வயது. தாடைக்கும் தலைக்கும் துணி கட்டியிருந்ததால் பல்வலிக்காரர் போல இருந்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

கொல்லைப்புற ஜன்னலில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். வீரராகவன். ஜலாலுதீன் படம் ஓட்டிய சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கம்பி வழியே ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.

"கேபின்ல வெச்சிட்டுப் போயிட்டாரும்மா. நம்மகிட்ட எதுக்குன்னு எடுத்தாந்தேன். இன்னைக்கு ஷோ இல்லன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

சாலிஹா வாங்கிக்கொண்டாள்.

"பதினோரு வருசம்மா. ஒரே மிஷின். ரீலுக்கு ரீல் நிறுத்தி மாத்தணும். ஒரு நாள் ஒரு ரீல் முன்ன பின்ன போட்டிருப்பாரா? அந்த வண்டிக்காரன் படத்துலதான் ஒரே ஒரு வாட்டி. ஓடி முடிஞ்ச ரீலயே மறுபடி போட்டுட்டாரு. மொதலாளி கேபினுக்கே போய்க் கத்துனாரு. இவரு இன்னா சொன்னாருன்ற? 'கை தப்பிடுச்சி'ன்னாரு. அவரு கையா தப்பும்?"

வீரராகவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சாலிஹா கண்ணாடியைக் கையில் வைத்தபடி நின்றாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு வருஷம் முன்னால், அந்தப் படம் ஓடிய கடைசி நாள். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து, அதன்மேல் அவளும் அவள் தோழி நசீராவும் உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரன். அவன் நேசித்த பெண்ணை வேறு ஊரில் கட்டிக்கொடுக்கிறார்கள். அவளை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவன்தான். வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனில் அவன் சாட்டையைக் கீழே நழுவவிடுகிறான். அவள் குனிந்து எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். விரல் படவில்லை. தரை டிக்கெட் மொத்தமும், "சொல்லுய்யா, சொல்லித் தொலையேன்யா" என்று கத்தியது. அவன் சொல்லவில்லை. ரயில் போய்விட்டது.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். முறுக்குக்காரர் ஒரு சுற்று வந்தார். விளக்கு அணைந்ததும் பார்த்தால் மறுபடியும் அதே வண்டி, அதே ரோடு. விசில் பறந்தது. ஆனால் சாட்டை விழுகிற இடம் வந்தபோது கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அத்தனை ஜனம் அப்படி அமைதியாக இருந்து சாலிஹா கண்டதில்லை.

"சொல்லியிருக்கலாம்ல, பாவி" என்றாள் சாலிஹா.

"சொல்லாட்டி இன்னா? அவளுக்குத்தான் தெரியுதே" என்றாள் நசீரா. அவள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, கேபின் சுவரில் வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலிக்கிறது போலும் என்றுதான் சாலிஹா அன்று நினைத்தாள். அவளுடைய புத்தி அவ்வளவுதான்.

நசீரா பக்கத்துத் தெருக்காரி. சாலிஹாவும் அவளும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். நசீராவின் தாய்க்குப் பிரசவ ஜுரம் கண்டபோது சாலிஹாவின் உம்மாதான் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். மார்க்கச் சட்டப்படி ஐந்து தடவை குடித்திருந்தால் அவள் அந்த வீட்டுப் பெண், அண்ணனுக்கும் தங்கை; நிக்காஹ் கூடாது. பதினேழு வயதில் நசீராவை ஜலாலுதீனுக்குக் கேட்கலாம் என்று யாரோ பேச்செடுத்தபோது, உம்மா யோசித்து யோசித்துப் பார்த்தாள். "நாலோ அஞ்சோ, யாரு எண்ணிக்கினு இருந்தா?" என்றாள். சந்தேகம் வந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. நசீராவை வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். எட்டு வருஷத்தில் கைம்பெண்ணாகத் திரும்பி வந்தாள். ஜலாலுதீன், சினிமாக்காரனுக்கு எவன் பெண் தருவான் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். அதையும் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

சாலிஹாவோ, "எங்க உம்மாகிட்ட பால் குடிச்சவ" என்று ஊரெல்லாம் நசீராவைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். அண்ணன் முன்னாலேயே எத்தனை முறை சொல்லியிருப்பாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னா முறை?" என்று மாமியின் குரல் கேட்டது.

சாலிஹா ஜன்னலை விட்டு ஓடி வந்தாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நசீரா நடுவாசலில் நின்றாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஜலாலுதீனின் பாதங்களை மூடியிருந்த துணி மட்டும் தெரியும். இன்னும் இரண்டு அடி உள்ளே வைத்தால் முகம்.

"உன்னத்தான் கேக்கறேன். யாரும்மா நீ?"

நசீராவின் பார்வை அந்தத் துணியிலேயே இருந்தது. ஆரிபா மாமியும் கல் நெஞ்சுக்காரி இல்லை. வந்தவளின் நிலையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல மூடிடுவாங்க. அப்பறம் கெடைக்காது. எதாச்சும் முறை இருந்தா சொல்லு. பால் முறைன்னாலும் சரி, ஆவும். உள்ள உடறேன்."

சாலிஹா வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைதான். அவள் சொல்லிவிட்டால் போதும். நசீரா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வளையல் சதையில் பதிந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் சாலிஹா வாயை மூடிக்கொண்டாள்.

"முறை ஒண்ணும் இல்ல மாமி" என்றாள் நசீரா.

"அப்ப எப்படிம்மா?"

"தெரியும் மாமி. முத்தத்துல உக்காந்துக்கறேன்."

சாலிஹாவின் கையை விட்டுவிட்டு அவள் திரும்பிப் போனாள். முருங்கை மரத்தடியில், மற்றப் பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சாலிஹா அசையாமல் நின்றாள். அழுகை கூட வரவில்லை. தன் வீட்டுக்குள், தன் பக்கத்திலேயே, இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. தங்கை என்று சொல்லி முகம் பார்ப்பதைவிட, பார்க்காமலே இருந்துவிடலாம் என்று ஒருத்தி முடிவு செய்ய முடிகிறது. அவளுக்குப் பயபக்தியாக இருந்தது. பள்ளிவாசலுக்குள் முதல் தடவை எட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு அப்படி இருந்திருக்கிறது.

மதியத் தொழுகைக்கு முன் முகத்தை மூடிச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். முற்றத்துப் பெண்கள் எழுந்து நின்றார்கள். நசீராவும் எழுந்தாள். அவளைத் தாண்டிப் போனது பச்சைப் போர்வை மட்டும்தான். கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பிக் கேட்காமல் போகும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆரிபா மாமி கூடத்தைக் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தவள், வாசல் வழியாக வெளியே பார்த்தாள்.

"அந்தப் பொம்பள இன்னும் போவாம உக்காந்துக்கினு கீறா பாரு. யாருடி அவ? உனக்கு அவ இன்னா முறை வேணும்?"

சாலிஹா ஒரு செம்பை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல மாமி" என்றாள். "பக்கத்துத் தெரு."

பிறகு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு முற்றத்தில் இறங்கினாள். நசீரா துப்பட்டியை விலக்கி இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். சாலிஹா ஊற்றினாள். கை நிரம்பி வழிந்து, தண்ணீர் முருங்கை வேரைச் சுற்றி ஓடியது.